பீரோவுக்கு நான் வைத்த பத்தியம்

ரக்பி ஆடுகிறவர்களுக்கு முட்டை உரிக்க வராது. கை அப்படி. ஒவ்வொரு விரலும் ஒரு வாழைக்காய் கனம் இருக்கும். ஓட்டோடு பாதி வெள்ளைக்கருவையும் பிய்த்துத் தட்டில் போட்டுவிட்டு, மிச்சத்தை வாயில் தள்ளிக்கொண்டு, சாப்பிட்டாயிற்று என்பார்கள். புரதக் கணக்கு அங்கேயே உதைக்கும். அதனால் எல்லா முட்டையையும் நானே உரித்து வைத்துவிடுவேன். நான் அவர்களை எந்த அளவுக்குப் பார்த்துக்கொண்டேன் என்பது முதலிலேயே உங்களுக்குத் தெரிந்துவிட்டால் பிறகு பேசுவது எளிது, மேடம். அதற்காகத்தான் முட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் குரல் கேட்காவிட்டால் சொல்லுங்கள். சத்தமாகப் பேச எனக்கு வராது. கல்லூரியில் வருகைப்பதிவு எடுக்கும்போது "உள்ளேன்" என்று சொல்லியும் பாதி நாள் வரவில்லை என்றே விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒருத்தியை நாற்பது தடியர்கள் இருக்கிற இடத்தில் உணவு ஆலோசகராகப் போட்டார்கள். அறிவியல் பட்டம் மட்டும் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். தொண்டையையும் கொஞ்சம் சோதித்துப் பார்த்திருக்கலாம்.

அவர்கள் என்னை "டயட்டு" என்று கூப்பிட்டார்கள். நான் சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தால், "டயட்டு வருதுடா, பன்ன ஒளிங்கடா" என்று ஒரு குரல் வரும். "எதுக்குடா ஒளிக்கணும்? அது வாயத் தொறந்தா வெறும் காத்துதானே வருது" என்பார் கேப்டன். சிரிப்பார்கள். எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

உங்களுக்கு இந்த ஆட்டம் பழக்கமில்லை என்று சொன்னீர்கள். வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து, தோளோடு தோள் பூட்டிக்கொண்டு, எதிரெதிராக முட்டித் தள்ளுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பதினாறு பேர் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடியைத் தேடுவது போல இருக்கும். பக்கத்தில் போனால் எலும்பு முனகுவது கேட்கும். இதில் முன்வரிசையில் நிற்கிறவனுக்கு எடை வேண்டும். அந்த எடை தொடையிலும் கழுத்திலும் முதுகிலும் இருக்க வேண்டும், வயிற்றில் இருக்கக்கூடாது. சொல்வது சுலபம். உடம்பு என்ன நம்மைக் கேட்டா கொழுப்பைப் போட்டுவைக்கிறது?

ஆகவே தினமும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். அங்கேதான் இந்த மனிதர்களின் நேர்மையைப் பார்க்க வேண்டும். எடை குறைய வேண்டியவர்கள் கருவியில் ஏறியதும் சுவரில் ஒரு விரலை ஊன்றுவார்கள். எடை கூட வேண்டியவர்கள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, காலைப் பின்னியபடி வரிசையில் நிற்பார்கள். ஒருவர் உள்ளாடைக்குள் இரும்புத் தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு வந்தார். அது நழுவிப் பாதத்தில் விழுந்து, பெருவிரல் உடைந்து, இரண்டு ஆட்டம் ஆடவில்லை. ஆட்டத்தில் பட்ட காயம் என்று எழுதிக் கொடுக்கும்படி என்னிடம் கெஞ்சினார்.

இவர்களுக்கு வலிமைப் பயிற்சி கொடுத்தவரை நீங்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்கள். விசில் என்று கூப்பிடுவோம். கழுத்தில் தொங்குகிற ஊதலைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எனக்குத் தெரியாது. பாரம் தூக்க வைப்பார், பளு ஏற்றிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வைப்பார், யாராவது முகம் சுளித்தால் இன்னொரு சுற்று. அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ஒழுக்கம். "ஒழுக்கம் இருந்தா மலையத் தூக்கலாம்டா" என்பார். சொல்லும்போது உதட்டோரத்தில் சிப்ஸ் தூள் ஒட்டியிருக்கும். அவருடைய கார் இருக்கைக்கு அடியில் எலி குடும்பம் நடத்தலாம்.

இனி பீரோ அண்ணா.

அவர் முன்வரிசைக்காரர். கதவுக்குள் நுழையும்போது ஒருக்களித்துத்தான் நுழைவார், அதனால் அந்தப் பெயர். அணியில் மூத்தவர். என்னை "ஏம்மா டயட்டு" என்று கூப்பிட்டாலும் நான் பேசினால் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் என் அட்டவணையைக் கசக்கி எறிந்தார்கள். அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் போய் க்ரீம் பன் சாப்பிட்டார். ஆனால் மடித்து வைத்துக்கொண்டார்.

நீங்கள் அப்படிப் பார்க்கிறீர்கள். இல்லை, மேடம். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன், அவர் மனைவியை அண்ணி என்று கூப்பிட்டேன். என் தொழிலில், சொன்னதைக் கேட்க ஆசைப்படுகிற ஒரு உடம்பு கிடைப்பது பெரிய விஷயம். அவ்வளவுதான்.

ஆட்டப் பருவம் தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் தலைமைப் பயிற்சியாளர் எல்லார் எதிரிலும் அவரிடம் சொன்னார்: "நீ ஓடும்போது உன் வயிறு ஒரு பக்கம் ஓடுது, நீ ஒரு பக்கம் ஓடுற. ரெண்டு பேருக்கும் என்னால இடம் குடுக்க முடியாது." புதிதாக ஒருவரை அந்த இடத்துக்குப் பார்த்து வைத்திருந்தார்கள். முதல் ஆட்டத்துக்குள் பீரோ அண்ணா வயிற்றைக் கரைத்துவிட்டு, வலிமையையும் விடாமல் வைத்திருந்தால் இன்னொரு வருடம். இல்லையென்றால் வீட்டுக்கு.

அன்று சாப்பாட்டு அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவர் முன்னால் ஒரு க்ரீம் பன் இருந்தது. அதை ஆட்டக்காரர் பார்ப்பது போல அவர் பார்க்கவில்லை. பிரிந்துபோன காதலியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எனக்குத் தள்ளுறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாதும்மா," என்றார். "உன் டயட்ட நான் மதிக்கிறேன். இந்த வாய்தான் மதிக்க மாட்டேங்குது. இதப் பாத்தாலே குமட்டுற மாதிரி எதாவது மருந்து இருந்தா குடேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் கேட்டது அவர்.

கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. எலிக்கு இனிப்பு நீர் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் அதற்குக் குமட்டல் வரவைத்தால், அந்த எலி பிறகு அந்த இனிப்பை முகர்ந்துகூடப் பார்க்காது. ஒருமுறை போதும். மூளை யோசிக்கும் முன்னே வயிறு முடிவு எடுத்துவிடுகிறது. குமட்டலுக்கு உண்மையான காரணம் என்னவென்று தெரிந்தாலும் அந்த வெறுப்பு போகாது. மனிதர்களுக்கும் அப்படியே. எலிக்கும் எங்கள் அணிக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். எலி எடைக் கருவியில் ஏறும்போது சுவரைப் பிடிக்காது.

நீங்கள் உங்கள் தாளில் விஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மருத்துவர்களே பயன்படுத்துகிற மருந்து அது. பெயரை வாயால் சொல்ல மாட்டேன், எழுதித் தருகிறேன். பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு வீட்டில் தொப்பை போட்ட கணவர் இருக்கலாம்.

மறுநாள் அவருடைய பன்னில் வைத்தேன். அரை மணி நேரத்தில் அவர் கழிப்பறை வாசலில் மண்டியிட்டிருந்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவ்வளவு பெரிய முதுகு அது. எங்கே தடவுவது என்று முதலில் கொஞ்சம் திகைத்தேன். "கெட்டுப்போன க்ரீம் போல அண்ணா," என்றேன். "ஆமாம்மா," என்றார். அந்த வாரம் யாரோ பன் பெட்டியைத் திறந்தபோது அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் என் பேச்சைக் கேட்டிருந்தார். நான் பேசவே இல்லை, இருந்தும் கேட்டார்.

அடுத்தது ஆரஞ்சு சோடா. அவர் அதைக் குடம் குடமாகக் குடிப்பார். அதுவும் ஒரே நாளில் முடிந்தது. பிறகு சாக்லேட். பிறகு வறுத்த கோழி.

கோழியை அவருக்கு மட்டும் கொடுக்க முடியவில்லை. கேப்டனுக்குப் பிறந்தநாள். எல்லாருக்கும் சேர்த்து என் செலவில் வாங்கி வந்தேன். "டயட்டே வறுத்த கோழி வாங்கித் தருதுடா, உலகம் அழியப் போகுது" என்று குதித்தார்கள். அன்று மாலை உடைமாற்றும் அறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எதிரணி மேல் முழு வேகத்தில் போய் மோதுகிற ஆட்கள் கழுவுதொட்டிக்கு வரிசையில் நின்றார்கள், ஒருவர் அம்மா என்று அழுதார். இரண்டு பேர் ஒரே வாளியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நட்பு என்றால் அதுதான். கேப்டன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கோழிக்கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். செய்தி பரவி, ஆள் வராமல், கடையை மூடிவிட்டார்கள். அந்தக் கடைக்காரரிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்தேன். அறிமுகமில்லாதவர்களிடம் பேச எனக்குக் கூச்சம்.

அதற்குப் பிறகு அணியே மாறிவிட்டது. வேகவைத்த உருளைக்கிழங்கு, ஓட்ஸ், மீன், கீரை. வைத்ததைச் சாப்பிட்டார்கள். வேறு எதைப் பார்த்தாலும் அவர்கள் வயிற்றுக்குப் பயம். எடைக் கருவியில் கையைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். பாரம் தூக்குவதில் ஒவ்வொருவரும் முன்னேறினார்கள். நிர்வாகக் கூட்டத்தில் விசில் எழுந்து, "ஒழுக்கம்னா என்னன்னு இவனுங்களுக்குப் புகட்டிட்டேன்" என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் தட்டலும் யாருக்கும் கேட்டிருக்காது.

பீரோ அண்ணாவின் வயிறு கரைந்துகொண்டே வந்தது. ஆனால் ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டது. எதனால் என்று எனக்குத் தெரியும். அண்ணியின் சாப்பாட்டு டப்பா.

அண்ணியைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்வதற்கில்லை. நல்லவர். நல்லவர்கள் கையில் வெண்ணெய் தாராளமாக இருக்கும். தினமும் அண்ணனுக்கு ஒரு டப்பா கட்டிக் கொடுப்பார். வாழைப்பழக் கேக் செய்தால் எனக்கும் ஒரு துண்டு தனியாகச் சுற்றி, "தங்கச்சிக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். டப்பா எங்கள் குளிர்பெட்டியில்தான் மதியம்வரை இருக்கும். என் துண்டை நான் எடுத்துக்கொண்டு, அவருடையதில் வைக்க வேண்டியதை வைப்பேன். என் துண்டு மிகவும் நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கேக், சூப், பூண்டு போட்ட ரொட்டி என்று ஒவ்வொன்றாக அவரால் வீட்டுச் சாப்பாடு எதையும் தொட முடியாமல் போனது. ஒவ்வொரு முறையும் வாளியோடு நான் பக்கத்தில் இருந்தேன். அவரைத் தனியாக விட்டதே இல்லை.

ஒருநாள் அண்ணி என்னைத் தேடி வந்தார்.

"நீ படிச்சவ, சொல்லு தங்கச்சி. என் சமையல்ல அப்படி என்னதான் இருக்கு? டப்பாவத் தொறந்தாலே குமட்டுதுங்கறாரு. நேத்து சும்மா பக்கத்துல போய் உக்காந்தேன். அதுக்கே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நாங்க சண்ட போட்டுக்கிட்டதுகூட இல்ல."

"வருத்தப்படாதீங்க அண்ணி. பயிற்சி கடுமையா இருந்தா இப்படி ஆகும். கொஞ்ச நாளைக்கு மூணு வேளையும் நானே குடுத்துவிடறேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூடப் பொறந்தவ மாதிரி" என்றார். சுவையில் தொடங்குகிற வெறுப்பு வாசனைக்கும், வாசனையிலிருந்து ஆளுக்கும் தாவும் என்று படித்திருந்தேன். நேரில் கேட்டது அப்போதுதான். எனக்கு அது சுவாரசியமாக இருந்தது. அண்ணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

அதிலிருந்து அவர் என் கையால்தான் சாப்பிட்டார். காலையில் எடுத்துக்கொண்டு போனது, மாலையில் எடுத்துக்கொண்டு போனது எல்லாம் நான் கட்டியவை. என் சாப்பாட்டில் நான் ஒருநாளும் எதுவும் கலந்ததில்லை. வயிறு இறுகியது. குந்தி எழுந்து தூக்கும் பாரம் கூடியது. பயிற்சியாளர் அவரைத் தட்டிக்கொடுத்து, "இப்பதான்யா நீ ஒரே ஆளா ஓடுற" என்றார். அன்று பீரோ அண்ணா என்னிடம் வந்து குனிந்து, "எல்லாம் உன்னாலதாம்மா" என்றார். அதை அவர் அறியாமல்தான் சொன்னார். இருந்தாலும் சொன்னார்.

அத்தோடு நின்றிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிற்கத்தான் இருந்தேன். முதல் ஆட்டத்துக்கு யார் யார் என்று முடிவு செய்கிற நாள் அது. நல்ல வெயில். மதியம் அவர் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே ஒரு கப் கேக், ஒரு பக்கம் கருகி, ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"என் பொண்ணு செஞ்சது. முதல் தடவையா அடுப்பத் தொட்டுருக்கா," என்றார். "இதுக்கு மட்டும் உன் சட்டம் செல்லாதும்மா. குமட்டினாலும் சரி, செத்தாலும் சரி, சாப்பிட்டுட்டுத்தான் போவேன்."

டப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுக் காலுறை மாட்டப் போனார்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று என் வழக்கறிஞர் சொல்லச் சொல்கிறார், அது பொய். ஒரு கப் கேக்கால் யாருக்கும் தொப்பை போடாது. ஆனால் என் சட்டம் செல்லாது என்றார். அவர் வாயிலிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. விதிவிலக்கு என்று ஒன்று நுழைந்துவிட்டால் பிறகு அது விதியே இல்லை, வேண்டுகோள். வேண்டுகோள் வைத்துப் பார்த்தவள்தானே நான்.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன். முகம் சுளிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டார். எடைக் கருவியில் ஏறினார். குறித்துக்கொண்டோம். எடை பார்த்த பிறகுதான் அவருக்கு ஆரம்பித்தது. சாமான் அறைக்குப் பின்னால் வாளியோடு நானும் அவரும். மதியச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, எல்லாம் வந்தது. முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. முடியலன்னு தெரிஞ்சா இன்னைக்கே அந்தப் புதுசு என் எடத்துல நின்னுடுவான்."

சொல்ல மாட்டேன் என்றேன். இதுவும் அவர் கேட்டதுதான்.

ஸ்க்ரம் பயிற்சி நடந்தது. அவர் தள்ளினார். அந்தப் புதிய ஆளைப் புல்லோடு சேர்த்துத் தள்ளினார். நடுவில் இரண்டு முறை ஓரமாகப் போய்க் குனிந்துவிட்டு வந்தார். வெயிலுக்குத் துப்புகிறார் என்று நினைத்தார்கள். முடிந்ததும் பட்டியலில் அவர் பெயர் முதலில் வாசிக்கப்பட்டது. தோளில் தட்டினார்கள். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

பிறகு மறுபடி எடை.

இதுதான் நீங்கள் நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டிய இடம். பயிற்சிக்கு முன் இருந்த எடையிலிருந்து பின் இருக்கும் எடையைக் கழித்தால் வருவது வியர்வை. அப்படித்தான் எந்த அணியும் கணக்குப் போடும். வியர்வையாகப் போனதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் குடித்து, எடையை மறுபடி ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம் என்பது விசிலின் கட்டளை. பீரோ அண்ணாவின் எடை குறைந்திருந்த அளவைப் பார்த்து விசில் வாயைப் பிளந்தார். "இதாண்டா உழைப்பு. எல்லாரும் பாருங்கடா இவன் வியர்வைய" என்றார்.

அதில் பெரும்பங்கு வியர்வை இல்லை. சாமான் அறைக்குப் பின்னால் வாளியில் இருந்தது. அது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அவருக்குத் தெரிந்தும் சொல்ல மாட்டார்.

தண்ணீரோடு உப்புச்சத்துப் பொடி கலந்து கொடுப்பது வழக்கம். உப்பில்லாத வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். வாந்தியில் வேறு உப்பு போயிருக்கும். பொடியைக் கலந்து நீட்டினேன். அவர் முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆரஞ்சு வாசனை. சோடாவின் வேலை. வேறு வாசனையில் பொடி வாங்கி வைத்திருக்கவில்லை. அது என் கவனக்குறைவு. என் பக்கத்துத் தவறு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம் என்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"அப்ப வெறும் தண்ணியக் குடி," என்றார் விசில். பாட்டில் பாட்டிலாக எடுத்துக் கொடுத்தார். அவர் குடித்தார். சொன்னதைச் செய்கிற உடம்பாக அவரை மாற்றியிருந்தோமே. கருவியில் ஏறி இறங்கினார். இன்னும் எடை வரவில்லை. இன்னும் குடித்தார்.

"போதும்" என்று நான் சொன்னேன். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் சொன்னேன்.

இரண்டாவது முறை சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவர் வாந்தி எடுத்தார் என்றால், என்ன சாப்பிட்டார் என்பார்கள். அந்தச் சின்ன டப்பா இன்னும் குளிர்பெட்டியில் இருந்தது, துணுக்குகளோடு. அதோடு, பட்டியலில் அவர் பெயர் வாசிக்கப்பட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவருடைய நல்ல நாளைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் தலைவலி என்றார். பிறகு சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு, கை நுழைகிற இடத்தில் தலையை நுழைக்கப் பார்த்தார். சிரித்தார்கள். விசிலைப் பார்த்து, "அடுப்ப அணைச்சியாம்மா?" என்று கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். கேப்டன் தரையில் உருண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் பீரோ அண்ணா விழுந்தார். அறை அதிர்ந்தது. கைகால் வெட்டி இழுத்தது. நான்கு பேர் சேர்ந்தும் பிடிக்க முடியவில்லை. அவ்வளவு வலிமை ஏற்றியிருந்தோம்.

எல்லாரும் ஓடி ஆம்புலன்ஸில் ஏற்றியபோது நான் அந்தச் சின்ன டப்பாவைக் கழுவினேன். வாளியையும். காயவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

உப்பு இறங்கி, மூளை வீங்கிவிட்டது என்றார் டாக்டர். உயிர் தங்கியது. ஆள் தங்கவில்லை. நடக்கிறார், பேசுகிறார். ஆனால் யாரையும் தெரியவில்லை, எதுவும் தெரியவில்லை. ரக்பிப் பந்தைக் கையில் கொடுத்தார்கள். பூசணிக்காயா என்று கேட்டாராம்.

தண்ணீர் குடிக்க வைத்தவர் என்று விசிலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். நான் பேசாமல் இருந்தேன். இருப்பதாகத்தான் இருந்தேன். உள்விசாரணைக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று அழுதுகொண்டே, "தண்ணி விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா இந்த அணிக்கு ஒழுக்கத்தக் குடுத்தது நான்தான். அத யாரும் என்கிட்டேருந்து பறிக்க முடியாது" என்றார். பாவம் என்று சிலர் அவர் கையைப் பிடித்தார்கள். கேப்டன் எழுந்து, ஆமாம், எல்லாம் அவரால்தான் என்றார்.

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. தண்ணீரை அவர் வைத்துக்கொள்ளட்டும். ஒழுக்கம் என்னுடையது. பன், சோடா, சாக்லேட், கோழி, அண்ணியின் டப்பாக்கள், கப் கேக், ஒவ்வொன்றிலும் மருந்து வைத்தது நான். இதைச் சொல்லத்தான் நானாக இங்கே வந்தேன். யாரும் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுவும் கொஞ்சம் உறுத்தியது.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். அதற்கு முன் ஒன்று. நான் அவருக்குக் கெடுதல் நினைத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

நேற்று மாலை இங்கே வருவதற்கு முன் அவரைப் பார்த்துவிட்டு வரப் போனேன். முதல் சில நாள் உள்ளே யாரையும் விடவில்லை, அதனால் அதுவரை கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தேன். அண்ணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். இப்போது அவர் யார் ஊட்டினாலும் சாப்பிடுகிறார். நர்ஸ் ஊட்டினாலும், தரை துடைக்க வருகிற அம்மா ஊட்டினாலும் வாயைத் திறக்கிறாராம். மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, நான் யாரு சொல்லு" என்றாள். அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, மரியாதையாக, "தெரியலீங்க" என்றார்.

அண்ணி எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிண்ணத்தை நான் வாங்கிக்கொண்டேன். அதே கஞ்சிதான், அதே கரண்டிதான். நான் கட்டிலருகே குனிந்தேன். அவர் மூக்கு விடைத்தது. என்னைப் பார்த்தார். வாயை இறுக மூடிக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. சாப்பிட்டிருந்தது எல்லாம் என் கைமேலேயே வந்தது. நான் துடைக்கப் போனேன், மறுபடி வந்தது. நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே நிற்கச் சொன்னார்.

அண்ணி கதவுவரை வந்தார். "மனசுல வச்சுக்காத தங்கச்சி. எங்க யாரையுமே அவருக்குத் தெரியல. உன்னப் பாத்து மட்டும் ஏன் இப்படின்னு புரியல" என்று அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை, மேடம். பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை. கட்டிய மனைவியைத் தெரியவில்லை. என்னைத் தெரிந்திருக்கிறது.